கிளறி எடுத்த உடுப்பு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நடைபாதைக் கடைகளில் மலிவு உடுப்பு வாங்குவது பற்றி ஒரு வாசகிக்குச் சின்னதாக ஒரு பதில் எழுதியிருந்தேன். அதற்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை முழுக்க முழுக்க உடுப்புக் கதைதான்.

கேள்வி: அக்கா, நான் கம்பசில் இரண்டாம் வருடம். பஸ் நிலையத்தடியிலும், இன்ஸ்டாகிராமில் பழைய உடுப்பு விற்கிற பக்கங்களிலும்தான் எனக்கு உடுப்பு வாங்குவேன். அம்மா, "ஆரோ உடுத்து எறிஞ்சதை உடுக்கிற நிலைமையிலயோ உன்னை வளத்தனான்" என்று ஏசுகிறா. நான் செய்வது பிழையா?
(ஒரு மாணவி, கோண்டாவில்)

பிழையே இல்லை, தங்கச்சி. ஆனால் அம்மாவின் கோபமும் எனக்கு விளங்குகிறது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த நேரம் சவர்க்காரத்துக்கே வழியில்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த ஊர் இந்த யாழ்ப்பாணம். பழைய சேலையை வெட்டிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள், சேட்டுக் கொலர் நைந்தால் பிரித்து, புரட்டி, நல்ல பக்கம் வெளியே வரத் திரும்பத் தைத்தார்கள். அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்களுக்குப் பழைய உடுப்பு என்றால் இல்லாமைதான் முதலில் ஞாபகம் வரும். நீங்கள் ஆசைப்பட்டுத் தேடி உடுக்கிறீர்கள், அவர்கள் வேறு வழியில்லாமல் உடுத்தார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு அம்மாவோடு கதையுங்கள்.

அம்மாவிடம் ஒன்று கேட்டும் பாருங்கள். அண்ணாவின் காற்சட்டையைத் தம்பி போடவில்லையா? கனடாவில் இருந்து மாமி கொண்டுவந்த சூட்கேசைத் திறந்தால் பாதி மச்சாள் போட்டு அளவில்லாமல் போன சட்டைகள்தானே, அதை அடிபட்டுப் பங்கு பிரித்தோமே. அங்கே ஆளைத் தெரியும், இங்கே தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். வெளிநாடுகளில் இதற்கென்றே பெரிய கடைகள் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் குட்வில் கடைகள் 1902இல் பொஸ்ரனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் தொடங்கிய வேலையில் இருந்து வளர்ந்தவை. வசதியானவர்கள் வீடுகளில் பழைய உடுப்பையும் தளபாடங்களையும் சேர்த்து, வேலையில்லாத ஆட்களைக் கொண்டே அவற்றைத் திருத்தி விற்று, அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். பிச்சையாகக் கொடுக்காமல் விலைக்கு விற்றதால் வாங்கினவருக்கும் தலைகுனிவு இருக்கவில்லை. இதை அம்மாவுக்குச் சொல்லுங்கள். ஒருநாள் அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள், துணி பார்க்கிற கண் உங்களைவிட அவவுக்குக் கூர்மையாக இருக்கும், போகப் போக அவதான் உங்களை இழுத்துக்கொண்டு போவா.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நடைபாதையில் விற்கிற உடுப்பெல்லாம் பழையதா, புதியதா? லேபலை வெட்டி வைத்திருக்கிறார்களே, களவுச் சாமானா?
(ஒரு வாசகர், சாவகச்சேரி)

இரண்டும் கலந்து வரும். ஆனால் லேபல் வெட்டிய உடுப்பென்றால் அநேகமாகப் புதியது, ஏற்றுமதியில் மிஞ்சியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு, 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்த பிறகு, இந்த நாடு வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தும் பிழைக்கிறது. ஒரு ஓடர் வந்தால் பழுதாகக் கூடும் என்று கேட்டதைவிடக் கொஞ்சம் கூடத்தான் வெட்டுவார்கள். அதில் மிஞ்சியது, வாங்குபவர் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றது, தரம் பார்க்கிறவர் ஒதுக்கியது எல்லாம் மொத்த வியாபாரிகளின் கைக்கு வந்து, கொழும்புப் புறக்கோட்டை வழியாக எங்கள் நவீன சந்தைப் பக்கமும் திருநெல்வேலி, சுன்னாகம் பக்கமும் வந்து சேர்கிறது. தன் பெயரில் மலிவாக விற்பதைக் கொம்பனி விரும்பாது, அதனால்தான் லேபலில் கத்தரி வைக்கிறார்கள், அல்லது கறுப்புப் பேனையால் ஒரு கோடு இழுக்கிறார்கள். வெட்டிய லேபலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. லண்டனில் பெரிய விலைக்குத் தொங்குகிற அதே உடுப்பு, இங்கே தைத்தது, இங்கேயே நிற்கிறது. பெரிய கொம்பனியின் லேபல் முழுசாகப் பளபளவென்று இருந்து, விலை மட்டும் மலிவாக இருந்தால்தான் நான் இரண்டாம் முறை பார்ப்பேன், போலியாக இருக்கக் கூடும்.

பழைய உடுப்பு வேறு. கழுத்தடியில் லேபல் தோய்த்துத் தோய்த்து மங்கி, எழுத்து அழிந்திருக்கும். அதிலும் நல்லது இருக்கிறது, பதினைந்து தரம் தோய்த்தும் வடிவு கெடாமல் நிற்கிற உடுப்பு இனியும் நிற்கும்.

கேள்வி: வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கிழிசலும் கறையும் கண்ணில் படுகிறது.
(இரண்டு பிள்ளைகளின் தாய், பருத்தித்துறை)

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நீங்கள் மீன் வாங்கமாட்டீர்கள் அல்லவா, பருத்தித்துறை ஆள் நீங்கள், அதே மாதிரித்தான் இதுவும். வெளிப்பக்கம் பார்த்து மயங்காமல் முதலில் உட்புறம் வெளியே வரப் புரட்டுங்கள். கமக்கட்டடியைப் பாருங்கள். அங்கே மஞ்சளாக, தொட்டால் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் அது வியர்வையும் வாசனை மருந்தும் சேர்ந்து ஊறிய கறை, எதற்கும் முழுசாகப் போகாது, வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பிறகு காற்சட்டையின் இரண்டு காலும் சேருகிற இடம். துணி மெலிந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், அந்த இடத்தில் வெளிச்சம் கூடத் தெரிந்தால் இன்னும் சில மாதத்தில் கிழியும். சிப்பை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். இலாஸ்டிக்கை இழுத்து விடுங்கள், திரும்பிச் சுருங்காவிட்டால் செத்துவிட்டது, ஆனால் இலாஸ்டிக் மாற்றுவது பெரிய வேலை இல்லை.

பலர் பார்க்காத ஒன்று சொல்கிறேன். ரீசேட்டை இரண்டு தோளிலும் பிடித்துத் தூக்குங்கள். பக்கத்துத் தையல் நேரே கீழே இறங்க வேண்டும். அது வயிற்றுப் பக்கமாக வளைந்து வந்தால், துணியைச் சரியாக அமைக்காமல் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், ஒவ்வொரு தோய்ப்புக்கும் இன்னும் முறுகும். டெனிமிலும் அப்படித்தான், ஒரு காலின் வெளித்தையல் முன்னுக்குத் திரும்பி முழங்காலில் வந்து நின்றால் எவ்வளவு மலிவென்றாலும் எடுக்காதீர்கள், எந்தத் தையல்காரராலும் அதைத் திருத்த முடியாது. ஏற்றுமதியில் ஒதுக்கிய உடுப்பென்றால், ஏன் ஒதுக்கினார்கள் என்று தேடிப் பிடியுங்கள். சில நேரம் ஒரு கை ஒரு நீலம், மற்றக் கை இன்னொரு நீலம். வெயிலில் பார்த்தால்தான் தெரியும், ஆகவே கடையின் விளக்கு வெளிச்சத்தை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள், நல்ல வியாபாரி மறுக்கமாட்டார். சில நேரம் ஒரு பொக்கற் அரை அங்குலம் இறங்கியிருக்கும், அவ்வளவுதான் குறை. அப்படியென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

தெறி போனதற்கெல்லாம் விடாதீர்கள். சேட்டின் உட்பக்கம் கீழே, அல்லது பக்கத் தையலில் இருக்கும் லேபலில், மேலதிகமாக ஒரு தெறி தைத்திருப்பார்கள்.

கேள்வி: பருத்தி என்று சொல்லிப் பொலியெஸ்டரைக் கட்டி விடுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
(ஒரு வாசகி, உரும்பிராய்)

கையில் இறுக்கிக் கசக்கி விடுங்கள். பருத்தி சுருங்கிய மாதிரியே நிற்கும், பொலியெஸ்டர் உடனே விரிந்துவிடும். இன்னும் சந்தேகம் என்றால் வீட்டில் உட்தையலில் இருந்து ஒரு நூலை இழுத்து, பாத்திரத்துக்கு மேல் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகும், கம்பளி மயிர் பொசுங்குகிற மணம் தரும். கடையில் நின்று நெருப்புப் பெட்டியை எடுக்காதீர்கள். எங்கள் சித்திரை வெயிலுக்குப் பருத்தியும் லினனும்தான் சரி, கலப்புத் துணி என்றால் பாதிக்கு மேல் பருத்தி இருக்கட்டும்.

கேள்வி: என் மனைவி ஒரு குவியலுக்கு முன்னால் குந்தினால் ஒரு மணித்தியாலத்துக்கு எழும்பமாட்டா. நான் மோட்டார் சைக்கிளில் வெளியே காய்ந்துகொண்டிருப்பேன். பக்கத்துக் கடையில் புதுச் சட்டை தொங்குகிறதே, இதில் அப்படி என்ன இன்பம்?
(ஒரு வாசகர், மானிப்பாய்)

புதுக் கடையில் நீங்கள் கேட்கிறீர்கள், அவர்கள் எடுத்துப் போடுகிறார்கள். ஒரே மாதிரி ஐந்து, சைஸ் மட்டும் வேறு. குவியலில் என்ன கிடக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. அங்கே கண்ணுக்கு முதல் கைதான் கண்டுபிடிக்கும். வழுக்குகிற பொலியெஸ்டருக்கு நடுவில் கையை விட்டுக் கிளறிக்கொண்டு போக, கொஞ்சம் சொரசொரப்பாக, கொஞ்சம் குளிர்ச்சியாக ஒன்று தட்டுப்படும். லினன். இழுத்து எடுத்தால் சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு சேட். தெறியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன், சிப்பித் தெறி என்றால் குளிரும், பிளாஸ்டிக் குளிராது. உட்புறம் புரட்டினால் துணியின் ஓரம் ஒன்றுகூட வெளியே தெரியாமல், மடித்து இரண்டு தரம் தைத்த தையல், தைத்தவரின் பொறுமை அதில் அப்படியே தெரியும். அதன் விலை ஒரு கொத்துரொட்டி விலை. மனம் துள்ளும், அதை முகத்தில் காட்டாமல் அந்தச் சேட்டைத் திரும்ப வைக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு "இது எவ்வளவு அண்ணை" என்று கேட்க வேண்டும். இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது.

உங்கள் மனைவி அந்த ஒரு மணித்தியாலத்தில் தன் அறிவு, பழக்கம், ரசனை எல்லாவற்றையும் பாவிக்கிறா. வெளியே வெயிலில் நிற்காமல் நீங்களும் உள்ளே போய் ஆண்களின் சேட்டுக் குவியலில் கையை வையுங்கள். ஆண்கள் பக்கத்தில் கூட்டம் குறைவு, நல்ல சாமான் நாள்கணக்கில் கிடக்கும்.

கேள்வி: சைஸ் பெரிய தலையிடி. எம் என்று போட்டிருக்கும், போட்டால் எக்ஸ்எல் மாதிரி இருக்கும். போட்டுப் பார்க்க இடமும் இல்லை.
(ஒரு ஆசிரியை, நெல்லியடி)

லேபலில் இருக்கிற எழுத்தை நம்பாதீர்கள். பிரித்தானிய 12 என்பது ஏறக்குறைய அமெரிக்க 8, ஐரோப்பிய 40. எம் என்று அமெரிக்காவுக்குத் தைத்ததும் எம் என்று ஜப்பானுக்குத் தைத்ததும் ஒரே அளவாக இருக்காது. உங்களுக்கு அளவாக இருக்கிற ஒரு சட்டையை வீட்டில் விரித்து வைத்து, தோளுக்குத் தோள், கமக்கட்டுக்குக் கமக்கட்டு, நீளம் மூன்றையும் அளந்து போனில் எழுதி வையுங்கள். கைப்பையில் ஒரு அளவுநாடா போதும். தோள் சரியாக இருந்தால் வாங்கலாம், பக்கம் பிடிப்பதும் நீளம் குறைப்பதும் தையல்காரருக்குச் சின்ன வேலை, தோளைத் திருத்துவது கிட்டத்தட்டத் திரும்பத் தைப்பது மாதிரி. சிறியதைப் பெருப்பிக்க நினைக்காதீர்கள். ஏற்றுமதி உடுப்பில் உள்ளே விட்ட துணி மிகக் குறைவு, எங்கள் தையல்காரர் சட்டையில் விடுகிற மாதிரி ஓரம் விடமாட்டார்கள்.

கேள்வி: செத்தவர்களின் உடுப்பாக இருந்தால்? எனக்கு அது மனதுக்குள் ஒரு மாதிரி இருக்கிறது.
(ஒரு வாசகி, வட்டுக்கோட்டை)

இருக்கலாம், தெரிய வழியில்லை. மனம் ஒப்பாவிட்டால் பழையதை விட்டுவிட்டு ஏற்றுமதியில் மிஞ்சியதை மட்டும் வாங்குங்கள், உடுப்பு உடம்போடு கிடக்கிற சாமான், சந்தேகத்தோடு உடுக்கக் கூடாது. எனக்கு அப்படி ஒரு தயக்கம் இல்லை. ஒருவர் விரும்பி உடுத்த நல்ல சேலை அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்துப் போவதைவிட இன்னொருவர் உடம்பில் இருப்பது மேல் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: நான் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். பழைய உடுப்பு விற்கிற வேல்யு வில்லேஜ் கடைக்குப் போனால் பொழுது போவதே தெரியாது. ஊரில் சொந்தக்காரருக்கும் கப்பலில் பெட்டி அனுப்புகிறேன். என்ன அனுப்பினால் பிரயோசனம்?
(புலம்பெயர் வாசகி)

முதலில் உங்கள் கடையைப் பற்றி ஒரு விசயம். அது இலாபத்துக்கு நடக்கிற நிறுவனம், தொண்டு அமைப்புகளிடம் இருந்து பொருட்களை வாங்கி விற்கிறது, நீங்கள் கொடுக்கிற காசு முழுவதும் தொண்டுக்குப் போவதில்லை. அது குற்றமில்லை, தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. இப்படியான கடைகள் பலவற்றில் விலைச் சீட்டின் நிறத்தை வைத்துக் கழிவு கொடுப்பார்கள், இந்தக் கிழமை மஞ்சள் சீட்டு என்றால் மஞ்சளுக்குக் கழிவு. வாசலில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

பெட்டிக்கு வருவோம். தயவுசெய்து உள்ளே பஞ்சு வைத்த ஜக்கெட், கம்பளிச் சுவெட்டர், தடித்த டெனிம் வேண்டாம். அதுகள் இங்கே அலுமாரியின் மேல்தட்டில் கிடந்து பூச்சி அரிக்கும். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிற பிள்ளைகளுக்கு வீட்டுக்கு ஒன்று போதும். அரைக்கைப் பருத்திச் சேட், மெல்லிய நீளப் பாவாடை, குழந்தைகளின் பருத்தி உடுப்பு, பெரியவர்களுக்கு முன்பக்கம் தெறி வைத்த தொளதொளச் சட்டை, இவை வந்தால் அடுத்த நாளே உடுப்பார்கள். முதியவர்களுக்குத் தலையால் போடுகிற சட்டை கஷ்டம், கை தூக்க முடியாது, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஒன்று அன்பாகக் கேட்கிறேன்: நீங்களே உடுக்க விரும்பாத கறை பட்டதையும் கிழிந்ததையும் பெட்டியை நிரப்ப என்று போடாதீர்கள். இங்கே பெட்டி திறக்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சுற்றி நிற்பார்கள்.

கேள்வி: செப்ரெம்பரில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறேன். குளிர் உடுப்பு கொழும்பில் வாங்குவதா?
(ஒரு மாணவர், கொக்குவில்)

வேண்டாம் தம்பி. உடம்புக்கு ஒரு சுவெட்டர் போட்டுக்கொண்டு போங்கள், மற்றதை அங்கே வாங்கலாம். அங்கே ஊருக்கு ஊர் தொண்டுக் கடைகள் இருக்கின்றன. ஒக்ஸ்பாம் என்ற தொண்டு அமைப்பு 1947இல் ஒக்ஸ்போட் நகரின் புரோட் வீதியில் கடை திறந்தது, இன்றைக்கும் பெரும்பாலும் தொண்டர்கள்தான் இந்தக் கடைகளில் நிற்கிறார்கள். வசதியான பகுதிக்குப் போனால் நல்ல சாமான் வரும், ஏனென்றால் அந்தப் பகுதி ஆட்கள்தான் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கோட் வாங்கும்போது கம்பளி எத்தனை வீதம் என்று உள் லேபலில் பாருங்கள். முதல் குளிருக்கு முன்னமே வாங்கிவிடுங்கள், நவம்பரில் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள்.

கேள்வி: பழைய உடுப்பு வாங்கினால் உலகத்துக்கு நல்லது என்கிறார்கள். உண்மையா?
(உயர்தர மாணவி, சுண்டிக்குளி)

ஓரளவுக்கு. ஒரு பருத்தி ரீசேட்டுக்கு, பயிர் செய்வதில் இருந்து தைத்து முடிக்கும் வரை ஏறக்குறைய 2,700 லீற்றர் தண்ணீர் செலவாகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மழை பெய்தால் மட்டும் ஓடுகிற வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று ஒன்றில்லாமல், சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழும் எங்களுக்கு அந்தக் கணக்கு சட்டென்று விளங்கும். ஏற்கெனவே தைத்து முடிந்த உடுப்பை உடுத்தால் அந்தத் தண்ணீர் வீண்போகவில்லை.

ஆனால் மலிவு என்பதற்காகக் கிழமைக்கு ஐந்து வாங்கி உடுக்காமல் போட்டால் அதுவும் குப்பைதான். கானாவின் தலைநகர் அக்ராவில் கண்டமாண்டோ என்றொரு சந்தை இருக்கிறது. பணக்கார நாடுகள் கழித்துவிட்ட உடுப்பு மூட்டை மூட்டையாக அங்கே போய் இறங்குகிறது. அங்குள்ளவர்கள் அவற்றைத் தோய்த்து, திருத்தி, சாயம் போட்டு விற்கிறார்கள், அவ்வளவு திறமை. அப்படியும் விற்க முடியாத ஒரு பங்கு வாய்க்காலிலும் கடற்கரையிலும் போய்ச் சேருகிறது. 2025 ஜனவரியில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் எரிந்துபோனது, ஆயிரக்கணக்கான வியாபாரிகளின் முதல் ஒரே இரவில் சாம்பல். யாரோ யோசிக்காமல் வாங்கி யோசிக்காமல் கழித்ததன் பாரம் கடைசியில் இன்னொரு ஊரின் தலையில் ஏறுகிறது. எனக்கு ஒரு வழக்கம் இருக்கிறது: என்னிடம் இருக்கும் எந்த மூன்று உடுப்போடு இதைச் சேர்த்துப் போடலாம் என்று அந்த இடத்திலேயே யோசிப்பேன், பதில் வராவிட்டால் வைத்துவிடுவேன்.

கேள்வி: எவ்வளவுக்குப் பேரம் பேசலாம்?
(ஒரு வாசகர், சுன்னாகம்)

இரண்டு மூன்று சேர்த்து எடுத்து, "எல்லாத்துக்கும் சேர்த்துக் கடைசி விலை சொல்லுங்கோ" என்று கேளுங்கள், குறைப்பார்கள். குறையைக் காட்டிக் கேட்பதும் நியாயம். ஆனால் வெயிலில் தறப்பாள் விரித்து நிற்கிறவரிடம் கடைசி ஐம்பது ரூபாவுக்கு மல்லுக்கட்டாதீர்கள். 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்துக்குப் போன நேரம் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு உடுப்புப் போட்டது இந்த நடைபாதைகள்தான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளியூரில் இருந்து வந்து விரிக்கிறவர்கள் கொடியேறின கையோடு விலை இறக்கமாட்டார்கள், தீர்த்தம் முடிந்து மூட்டை கட்டுகிற நேரம் போனால் நல்ல விலைக்கு வாங்கலாம். தெரிவு குறைவாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வாங்கின உடுப்பை எப்படித் தோய்ப்பது? அந்தக் கடை மணம் போகவே மாட்டேன் என்கிறது.
(ஒரு வாசகி, அரியாலை)

பையோடு கொண்டுவந்து கட்டிலில் போடாதீர்கள், மூட்டைப்பூச்சி ஏறினால் பிறகு பெரும்பாடு. வெளியே வைத்தே பிரியுங்கள். பருத்தி என்றால் சுடுதண்ணீரில் ஊறப்போடுங்கள், 60 பாகை சூடு இருந்தால் பூச்சியும் முட்டையும் சாகும். நிறம் போகுமோ என்ற பயம் இருந்தால் உள்மடிப்பை ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். கம்பளி, பட்டு, மெல்லிய துணி சுடுதண்ணீருக்கு ஆகாது, குளிர்ந்த தண்ணீரில் மென்மையாகத் தோயுங்கள். மணம் போக, கடைசியாக அலசுகிற தண்ணீரில் ஒரு கப் வெள்ளை வினாகிரி விடுங்கள், காய்ந்த பிறகு வினாகிரி மணம் இருக்காது. பூச்சி உருண்டை மணம் மட்டும் ஒரே தோய்ப்பில் போகாது, அதைக் காற்றுப் படுகிற கொடியில் இரண்டு மூன்று நாள் விடத்தான் வேண்டும். வெள்ளையை நல்ல வெயிலில் போடுங்கள். கறுப்பையும் கடும் நீலத்தையும் உட்புறம் வெளியே வரப் புரட்டி நிழலில் போடுங்கள், எங்கள் வெயிலுக்கு ஒரு மாதத்தில் வெளிறிவிடும்.